காதை வைத்தே கியர்பாக்ஸைப் படிப்பது: நகரப் பேருந்துச் சத்தங்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

பழகாத காதுக்கு நகரப் பேருந்தின் சத்தம் முழுக்க ஒரே இரைச்சல்தான். அதைப் பிரித்தெடுக்க ஒரு பழக்கம் வேண்டும். சத்தம் எழும்போது கேட்பதைப் போலவே, அது எந்த நொடியில் அடங்குகிறது என்றும் கவனியுங்கள். கியர்பாக்ஸ் விஷயத்தில் அந்த அடங்கும் நொடிதான் பெரிய துப்பு.

படி 1: எங்கே உட்காருவது

சென்னையின் பழைய பாணி உயர்தளப் பேருந்தில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்தில், பானெட்டுக்குள் இருக்கும். அதன் பின்னால் கிளட்ச், அதை ஒட்டி கியர்பாக்ஸ். ஆகவே முன்பக்கத்து இரண்டு மூன்று வரிசைகளில் உட்கார்ந்தால் கியர்பாக்ஸ் உங்கள் காலடியில் இருக்கும். செருப்பின் வழியாக வரும் அதிர்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்தளப் பேருந்துகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால் இருப்பதால் கடைசி வரிசைக்குப் போக வேண்டும்.

படி 2: கியர்பாக்ஸ் அல்லாததை ஒதுக்குவது

அவ்வப்போது வரும் 'புஸ்ஸ்', காற்று பிரேக்கின் ஏர் டிரையர் ஈரத்தை வெளியே தள்ளுவது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எழும் மெல்லிய விசில் டர்போ. இரண்டையும் மறந்துவிடலாம்.

ஏமாற்றுவது பின் அச்சின் கிரவுன் பினியன்தான், அதாவது விசையைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி. அதுவும் கியர்பாக்ஸ் மாதிரியே 'ஊஊ' என்று முனகும். பிரித்தறிய எளிய வழி, கியர் மாற்றும் நேரத்தைக் கவனிப்பது. கியர் மாறியதும் முனகலின் சுருதியும் மாறினால் அது கியர்பாக்ஸ். கியர் மாறினாலும் மாறாமல், வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் கிரவுன். புதிதாகக் கேட்பவர்கள் கியர்பாக்ஸ் மேல் போடும் பழியில் நிறைய உண்மையில் கிரவுனுக்குச் சேர வேண்டியது.

படி 3: முனகலும் மௌனமும்

கையால் மாற்றும் கியர்பாக்ஸில் மூன்று தண்டுகள் முக்கியம். கிளட்சிலிருந்து வரும் உள்தண்டு, கீழே இணையாக ஓடும் கவுண்டர் ஷாஃப்ட், வெளியே போகும் மெயின் ஷாஃப்ட். கீழ் கியர்களில் விசை உள்தண்டிலிருந்து கவுண்டர் ஷாஃப்டுக்கு இறங்கி, மறுபடி மெயின் ஷாஃப்டுக்கு ஏறுகிறது. இப்படி இரண்டு ஜோடிப் பற்கள் பாரம் தாங்குவதால் முனகல் வருகிறது.

சுருதியைக் கணக்கே போட்டுவிடலாம். உள்தண்டுச் சக்கரத்தில் 24 பற்கள், எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 சுற்று, அதை 24 ஆல் பெருக்கினால் 600 ஹெர்ட்ஸ். சங்கீதம் பழகிய காது இருந்தால் இன்னும் வசதி. எஞ்சின் வேகம் இரட்டிப்பானால் முனகல் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். கியர் மாற்றி எஞ்சின் 2,100 சுற்றிலிருந்து 1,400-க்கு விழுந்தால், எஞ்சின் சத்தம் பஞ்சமத்திலிருந்து ஸட்ஜத்துக்கு இறங்கியதாகக் கேட்கும், ஏனென்றால் அந்த விகிதம் 3:2.

நேரடி கியரில், அதாவது 1:1 விகிதத்தில், உள்தண்டும் மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பற்களுக்குப் பாரமே இல்லாததால் முனகல் சட்டென்று அடங்கிவிடும். பழைய ஐந்து கியர் பெட்டிகள் பலவற்றில் இது ஐந்தாவது கியர். ஓவர்டிரைவ் (மெயின் ஷாஃப்ட் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும் கியர்) உள்ளவற்றில் அதற்கு முந்தையது. ரிவர்ஸில் மட்டும் சத்தம் வேறு ஜாதி. முன்னோக்கிய கியர்களின் சாய்ந்த பற்கள் ஒன்றன்மேல் ஒன்று மெதுவாக ஏறிக் கடிக்கும். ரிவர்ஸில் பெரும்பாலும் நேர்வெட்டுப் பற்கள், அவை ஒவ்வொன்றாக மோதுவதால் அந்தக் கூரான அலறல்.

படி 4: நிற்கும் வண்டியில் நோய் பார்ப்பது

பயணியாக இருந்தால் சிக்னலில் ஓட்டுநரின் இடது காலைப் பாருங்கள். பழகுநர் மெக்கானிக்காக இருந்தால் பணிமனையில் நீங்களே செய்து பாருங்கள். எஞ்சின் ஐடிலில், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் தொடங்க வேண்டும்.

முதலில் கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இப்போது உள்தண்டும் கவுண்டர் ஷாஃப்டும் சுற்றுகின்றன, மெயின் ஷாஃப்ட் நிற்கிறது. 'கரகர' சத்தம் இருக்கிறதா? மெதுவாக கிளட்சை மிதியுங்கள். ஓரிரு நொடியில் சத்தம் தேய்ந்து அடங்கினால் கோளாறு உள்தண்டு பேரிங்கிலோ கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கிலோ இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் இரண்டையும் பிரிக்கலாம். எல்லாக் கியரிலும் உறுமி, நேரடி கியரில் மட்டும் வெகுவாகக் குறைந்தால் சந்தேகம் கவுண்டர் ஷாஃப்ட் மேல் விழும், காரணம் அங்கே அதற்குப் பாரம் இல்லை.

இதற்கு நேர் எதிராக, பெடலில் கால் லேசாகப் பட்டதுமே 'கீச்' என்று தொடங்கினால், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். பெடல் முழுக்க இறங்கி, வண்டி கியரில் நிற்கும்போது மட்டும் கத்தினால் ஃபிளைவீலுக்குள் (எஞ்சினோடு சுற்றும் கனச்சக்கரம்) உள்தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங். உள்தண்டு நின்று ஃபிளைவீல் மட்டும் சுற்றும்போதுதான் அதற்கு வேலை அதிகம்.

ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் 'டக்... டக்...' என்று சீராக அடித்தால் அந்தக் கியரில் ஒரு பல் சிதைந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். உடைந்த துண்டு மற்ற பற்களுக்கு நடுவே போய்விட்டால் பெட்டியே காலி.

படி 5: 'கர்ர்ர்' என்று அரைத்தால்

ரிவர்ஸில் பொதுவாக சின்க்ரோ, அதாவது கியர் விழுமுன் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் வளையம், கிடையாது. கிளட்சை முழுக்க மிதித்து ஐந்து முதல் பத்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அரைக்காமல் விழுந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது, முன்பு அரைத்தது அவசரத்தால். காத்திருந்தும் அரைத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் குழாயில் காற்று, பெடல் அட்ஜஸ்ட்மெண்ட், வளைந்த கிளட்ச் பிளேட் என்ற வரிசையில் பாருங்கள். கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவது வீண் செலவு.

ஓடும்போது, வேகமாக மாற்றினால் மட்டும் இரண்டாவதோ மூன்றாவதோ அரைக்கிறது என்றால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அப்போதைக்கு டபுள் கிளட்ச் கைகொடுக்கும். கிளட்ச் மிதித்து நியூட்ரல், காலை எடுத்து மேல் கியருக்கு ஒரு கணம் பொறுத்து அல்லது கீழ் கியருக்கு ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், கியர். சின்க்ரோவே இல்லாத பழைய பெட்டிகளை ஓட்டுநர்கள் இப்படித்தான் ஓட்டினார்கள்.

ஆயில் மாற்றும்போது, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் காந்தத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் பசை இயல்பு. செதில் செதிலாக இரும்பு வந்தால் பல் அல்லது பேரிங். ஆயிலில் பொன்னிறப் பொடி மினுங்கினால் பித்தளை சின்க்ரோ வளையம், இதைக் காந்தம் பிடிக்காது. ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். அளவு, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை. அதற்கு மேல் ஊற்றினால் நுரைத்துச் சூடேறி சீல் வழியாகக் கசியும்.

படி 6: தானியங்கிப் பெட்டிகளில் இறக்கத்தை எண்ணுவது

வண்டி கிளம்பியதிலிருந்து எஞ்சின் சத்தம் எத்தனை முறை 'இறங்குகிறது' என்று எண்ணுங்கள்.

மணிக்குச் சுமார் 20–25 கி.மீ. வரை ஒரு இறக்கமும் இல்லாமல், ஒரே இழுப்பாகப் போய்ப் பிறகு ஒருமுறை விழுந்தால் அது பெரும்பாலும் வோய்த் நிறுவனத்தின் டிவா. கிளம்பும்போது விசை இரண்டு வழியாகப் பிரிகிறது, ஒரு பங்கு ஆயில் வழியாக, மறு பங்கு பல்சக்கரங்கள் வழியாக. வேகம் ஏற ஏற ஆயிலின் பங்கு குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஆயிலைத் தள்ளும் பம்ப் சக்கரத்தைப் பெட்டியே பிரேக் பிடித்து நிறுத்திவிடும். காதில் விழும் முதல் இறக்கம் அதுதான்.

அதே வேகத்தை எட்டுவதற்குள் இரண்டு மூன்று இறக்கங்கள் வந்தால் இசட்எஃப் ஈக்கோமேட், ஈக்கோலைஃப் அல்லது ஆலிசன் வகை. இவற்றில் டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியாக விசையைக் கடத்தும் பாகம்) கிளம்பும்போது மட்டும் உழைத்துவிட்டுப் பூட்டிக்கொள்கிறது. மிச்ச வேலை கோள்சக்கரக் கியர்களுடையது.

பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்து ஒரு ஹூங்காரம் எழுந்தால் அது ரிடார்டர். ஆயிலைக் கலக்கி வேகத்தைக் குறைப்பது அதன் வேலை, டிவாவில் கிளம்பும்போது ஆயில் வழி விசை கடத்திய கன்வெர்ட்டரே அதையும் செய்கிறது. வேகம் குறையக் குறைய அதன் பிடி தளரும். நிறுத்தத்துக்குச் சில மீட்டர் முன்னால் ஹூங்காரம் அடங்கி, சக்கர பிரேக்கின் கிரீச்சல் தொடங்குவதைக் கேட்கலாம். கிரீச்சல் மட்டும் கேட்டு ஹூங்காரம் கேட்கவே இல்லை என்றால் ரிடார்டர் அணைக்கப்பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் சூடேறி விலகியிருக்கிறது. அந்த வண்டியில் பிரேக் லைனிங் சீக்கிரம் தேயும்.