பழைய செவன் அயர்னைத் துடைக்காமல் கொண்டுவாருங்கள்

கோல்ஃப் ஆட அயர்ன் என்கிற இரும்புத் தலை மட்டைகள் (கிளப்) புது செட் வாங்கப் போகிறோம், எது நல்லது என்று போனில் கேட்பவர்களிடம் நான் கம்பெனி பெயர் எதுவும் சொல்வதில்லை. பழைய செவன் அயர்னை, அதாவது ஏழாம் எண் கிளப்பை, துடைக்காமல் எடுத்து வாருங்கள் என்பேன். கிண்டியில் கோல்ஃப் ஆடுபவர்களுக்குக் கேடியாகப் பை தூக்க ஆரம்பித்தவன் நான். இப்போது கிரிப் (கைப்பிடி) மாற்றுவது, ஷாஃப்ட் (தண்டு) போடுவது, லை (தரையில் வைக்கும்போது தண்டு நிற்கும் கோணம்) வளைப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. உங்களுக்கு என்ன வாங்கலாம் என்பது முக்கால்வாசி அந்தப் பழைய கிளப்பிலேயே எழுதியிருக்கும்.

அதன் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பந்து பட்டுப் பட்டு ஓரிடம் மங்கித் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் நடுவில், ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் நீங்கள் பிளேடு (பின்பக்கம் குழிவில்லாத மெல்லிய தலை) உட்பட எதை வேண்டுமானாலும் வாங்கலாம். டோவிலிருந்து (தலையின் வெளிமுனை) ஹீல் (தண்டு சேரும் பக்கம்) வரை பரவிக் கிடந்தால் கேவிட்டி பேக் வாங்குங்கள், வீண் கௌரவம் வேண்டாம். பின்பக்கத்தைக் குழிவாக்கி எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். பந்து தப்பான இடத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. பிங் கம்பெனியின் கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலக்ட்ரிக்கில் என்ஜினியராக இருந்தவர், இந்த ஓர எடை யோசனையை முதலில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் என்ற கிளப்பில் செய்து பார்த்துவிட்டு அயர்னுக்குக் கொண்டுவந்தார். 1982-இல் வந்த அவருடைய ஐ-2 செட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கும் பெரியவர்கள் உண்டு. லை வளைக்கக் கொடுத்துவிட்டு "பாத்துப்பா, பாத்துப்பா" என்று பக்கத்திலேயே நிற்பார்கள். அந்தக் கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வளைக்க எனக்கே கை தயங்கும்.

இன்று ஒரே கம்பெனி எல்லா ரகமும் போடுகிறது. டைட்டிலிஸ்டில் டி100 மெல்லிய தலை, நன்றாக அடிப்பவர்களுக்கு. டி350 தடித்தது, சுமாரான அடியையும் காப்பாற்றும். நடுவில் உள்ளவை நடுவில்.

அடுத்தது லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வு. அது குறைந்தால் பந்து தூரம் போகும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். நாற்பது வருடத்துக்கு முன் செவன் அயர்ன் என்றால் 35, 36 டிகிரி. இப்போது தூரத்துக்கென்றே செய்கிற செட்களில் 28, 29 டிகிரி இருக்கிறது. பழைய ஃபைவ் அயர்னின் சாய்வு அது. சோலில் (தலையின் அடிப்பக்கம்) 7 என்று பொறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கடையில் நாலு பந்து அடித்துவிட்டு "பதினைந்து யார்டு கூடப் போகுது!" என்று குதிப்பார்கள். போகாமல் என்ன செய்யும்? முழுக்க ஏமாற்று வேலை என்றும் சொல்ல மாட்டேன். எடையைக் கீழே வைத்திருப்பதால் லாஃப்ட் குறைந்தாலும் பந்து உயரமாகத்தான் எழும்பும்.

சிக்கல் செட்டின் கீழ்முனையில், கிட்டத்து அடிக்கான வெட்ஜ் கிளப்களில் வரும். புது செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி. பையில் ஏற்கெனவே இருக்கும் சேண்ட் வெட்ஜ் 56. நடுவில் 13 டிகிரி ஓட்டை. கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) 90 யார்டு இருக்கும்போது கையில் எடுக்க கிளப்பே இருக்காது. ஆகவே விலை கேட்பதற்கு முன்னால் அந்த செட்டின் லாஃப்ட் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வெட்ஜ்களுக்கு இடையே நாலைந்து டிகிரிக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் 47, 52 என்று இரண்டு வெட்ஜ் சேர்க்க வேண்டியிருக்கும். பையில் 14 கிளப்தான் விதி. இடம் வேண்டுமென்றால் ஃபோர் அயர்னைக் கழற்றுங்கள். பாதிப் பேர் அதைப் பையைவிட்டு வெளியே எடுத்தே நான் பார்த்ததில்லை. ஃபைவ் அயர்னுக்கும் பதிலாக ஒரு ஹைபிரிட் (அயர்னும் வுட்டும் கலந்த கிளப்) போட்டால் இன்னும் நிம்மதி.

கடையில் பந்தின் போக்கை அளக்கும் லாஞ்ச் மானிட்டரில் அடிக்கும்போது மொத்த தூரத்தை விட்டுவிடுங்கள். கேரி (பந்து காற்றில் பறக்கும் தூரம்) எவ்வளவு, பந்து என்ன கோணத்தில் இறங்குகிறது, இந்த இரண்டும் போதும். செவன் அயர்ன் 45 டிகிரிக்குக் குறைவாக இறங்கினால், மே மாதத்துச் சென்னைத் தரையில் பந்து கிரீனில் விழுந்து பின்பக்கம் ஓடிவிடும். ஊட்டிக்குப் போன இடத்தில் நண்பருடைய கிளப்பை அடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த உயரத்தில் காற்று லேசு, யார் அடித்தாலும் ஒரு கிளப் தூரம் கூடப் போகும்.

லை பார்க்க மெஷின் வேண்டாம், ஒரு மார்க்கர் போதும். பந்தில் நீளமாக ஒரு கோடு போட்டு, கோடு நேர்குத்தாக உங்கள் கிளப் முகத்தைப் பார்த்து நிற்கும்படி வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் ஒட்டும். முகத்தில் குறுக்கே ஓடும் பள்ளங்களுக்குச் செங்குத்தாக நின்றால் சரி. கோட்டின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்தால் லை அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. வலது கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். ஹீல் பக்கம் சாய்ந்தால் இதற்கு நேர்மாறு. ஒரு அடியை வைத்து முடிவு செய்யாமல் ஏழெட்டு அடித்துப் பாருங்கள். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கார்பன் ஸ்டீல் என்றால் ஒன்றிரண்டு டிகிரி வளைப்பது சுலபம். வருடக்கணக்கில் ஸ்விங்கைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு சாருக்கு இரண்டு டிகிரி வளைத்துக் கொடுத்தேன், பந்து நேராகப் போனது. கோச்சை மாற்றியதால்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்.

ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்று சொல்லும் ஆர், எஸ் என்ற எழுத்தை ரொம்ப நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எடையைப் பாருங்கள். ஸ்டீல் ஷாஃப்டில் டைனமிக் கோல்ட் எஸ்300 சுமார் 130 கிராம். நிப்பான் 950 நூறுக்குள். கிராஃபைட் பெரும்பாலும் அதற்கும் கீழே. காலையில் முதல் பத்துப் பந்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். வியர்த்துக் களைத்த பிறகு அடித்துப் பார்த்து எடுங்கள். வியர்வை என்றதும் ஞாபகம் வருகிறது: நம் ஊருக்கு நூல் கலந்த கார்டு கிரிப்தான் சரி, கை கொஞ்சம் காய்த்தாலும் பரவாயில்லை.

ஆன்லைனில் பாதி விலைக்கு மூடி பிரிக்காத செட் என்றால் தள்ளி நில்லுங்கள். போலிகளில் எழுத்தின் பெயிண்ட் பிசிறடிக்கும், ஒரே செட்டிலேயே தலைகளின் எடை முன்னுக்குப் பின் இருக்கும். அதைவிட தெரிந்தவர் நன்றாக அடித்த பழைய செட் மேல். பள்ளங்களின் விளிம்பு நகத்தில் தட்டினால் வாங்கலாம்.

வாங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை லாஃப்டையும் லையையும் அளந்துகொள்ளுங்கள். செயற்கைப் புல் விரிப்பில் அடிப்பவர்களின் ஃபோர்ஜ்டு தலை மெல்ல நகர்ந்துவிடும். அளப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை, வளைத்தால்தான்.