பால் லாக்கா, பின் லாக்கா? முதல் கெக் வாங்கும் முன்

வீட்டில் காய்ச்சிய பீரைப் பாட்டில் பாட்டிலாக அடைத்து அலுத்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் கெக், அதாவது பீரை மொத்தமாக அடைத்து, கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) அழுத்தத்தில் குழாய் வழியே எடுக்கும் உலோகக் கலன். கெக் வாங்குவதற்கு முன்பே இணைப்பு வகை பால் லாக்கா (ball lock), பின் லாக்கா (pin lock) என்று முடிவு செய்துவிடுங்கள். ஒரு வகைக்கான டிஸ்கனெக்ட் (குழாயைக் கெக்கில் மாட்டும் இணைப்பான்) இன்னொரு வகையில் மாட்டாது.

1. வகையை அடையாளம் காணுங்கள். வீட்டு பீருக்குப் பெரும்பாலும் பயன்படுவது சுமார் 19 லிட்டர் கொள்ளும் கார்னேலியஸ் கெக். இது குளிர்பானத்துக்காக வந்தது. பெப்சி பால் லாக்கையும் கோகோ கோலா பின் லாக்கையும் பயன்படுத்தியதால் இரண்டுமே இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. கெக்கின் மேலே இரண்டு போஸ்ட் (டிஸ்கனெக்ட் மாட்டும் முனை) இருக்கும்: ஒன்றில் கேஸ் உள்ளே போகும், மற்றதில் பீர் வெளியே வரும். போஸ்டின் பக்கவாட்டில் சிறு பின்கள் துருத்திக்கொண்டிருந்தால் அது பின் லாக். பின் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் பால் லாக்.

2. கேஸ் எது, பீர் எது என்று பாருங்கள். பின் லாக்கில் கேஸுக்கு 2 பின், பீருக்கு 3 பின். மாற்றி மாட்டவே முடியாது, அருமையான ஏற்பாடு. பால் லாக்கில் இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். அளவில் மயிரிழை வித்தியாசம்தான். கேஸ் போஸ்டின் அடியில் வெட்டுக்கோடுகள் இருக்கும். டிஸ்கனெக்டில் வழக்கமாகக் கறுப்பு பீருக்கு, சாம்பல் நிறம் கேஸுக்கு. நான் ஒருமுறை அவசரத்தில் கேஸ் டிஸ்கனெக்டை பீர் போஸ்டில் அழுத்திவிட்டேன். உள்ளே போனது, வெளியே வரவில்லை. அரை மணி நேரம் போராடித்தான் கழற்றினேன். மாட்டும்போது இறுகினால் அழுத்தாதீர்கள், நிறத்தைப் பாருங்கள்.

3. ஃபிரிட்ஜை அளந்துகொள்ளுங்கள். பால் லாக் கெக் ஒல்லி, சுமார் 63 செ.மீ. உயரம். பின் லாக் சுமார் 56 செ.மீ., ஆனால் சற்றுப் பருமன். மேலே டிஸ்கனெக்டும் குழாயும் வளைய இடம் விடுங்கள்.

4. மூடியையும் பாருங்கள். பால் லாக் மூடியில் பெரும்பாலும் இழுத்து அழுத்தத்தை வெளியேற்றும் வளையம் இருக்கும். பழைய பின் லாக் மூடிகள் பலவற்றில் அது இருக்காது. போஸ்டைக் கழற்றிக் கழுவவும் பின் லாக்குக்குப் பள்ளம் வெட்டிய தனி சாக்கெட் வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பால் லாக்கைத்தான் சொல்வேன். புதிய கெக்குகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன, உதிரி பாகமும் எளிதில் கிடைக்கும். நல்ல நிலையில் நாலைந்து பின் லாக் மொத்தமாகக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள்.

மதுக்கடைகளில் வரும் சாங்கி கெக்கில் ஒரே வாய், அதில் மாட்ட ஒரே கப்ளர் (இணைப்பான்). உறுதியானதுதான். ஆனால் கழுவ உள்குழாயை உருவ வேண்டும். அழுத்தம் மிச்சமிருந்தால் அது பாய்ந்து வந்து ஆளைக் காயப்படுத்தும். முதல் கெக்குக்கு வேண்டாம்.

5. டிஸ்கனெக்ட் வாங்கும்போது குழாயைச் செருகும் வகையை விட மரை உள்ளதை எடுங்கள். கழற்றிக் கழுவுவது சுலபம்.

6. பழைய கெக் என்றால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாவற்றையும் மாற்றுங்கள். குளிர்பான வாசனை ரப்பரில் ஊறியிருக்கும், அப்புறம் பீரிலும் ஏறும். மாற்றியதும் கேஸ் ஏற்றி, மூடியிலும் இரு போஸ்டிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை பொங்கினால் அங்கே கசிகிறது. அதைச் சரிசெய்த பிறகே பீரை ஊற்றுங்கள்.