கேமுக்கு சிபியு வாங்குமுன் அளந்து பாருங்கள்: டர்பன் வீடுகளுக்கு ஒரு கைக்குறிப்பு

சிபியு, அதாவது கணினியின் மையச் செயலி, வரும் பெட்டியில் கோர் எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸும்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். கேமுக்கு அவை போதாது. இன்டெல் கோர் ஐ9-14900கே-யில் 24 கோர். ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் வெறும் 8. ஆனாலும் பல கேம்களில் எட்டு கோர்தான் முந்துகிறது. காரணம் எல்3 கேஷ், அதாவது சிபியுவுக்குள் இருக்கும் வேகமான நினைவகம்: ஐ9-இல் 36 எம்பி, ரைசனில் 96. தேவையான தரவு சிபியுவுக்குள்ளேயே இருந்தால் ராம் வரை போய்வரக் காத்திருக்க வேண்டாம்.

ஒற்றை எழுத்தில் ஏமாறுவதும் இந்தக் கேஷில்தான். ரைசன் 5 5600-இல் 32 எம்பி; 5600ஜி-யில் 16, அதோடு கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையும் பழைய 3.0 தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு போடுபவருக்கு, உள்ளேயே கிராஃபிக்ஸ் கொண்ட ஜி வீண்.

முதலில், உங்களுக்குப் புது சிபியு தேவையா? திரையின் வேகத்தோடு கேமைக் கட்டிவைக்கும் வி-சிங்க்கையும், எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) வரம்பையும் அணையுங்கள். பயோஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயங்குகிறதா பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கே. பிறகு கூட்டமான ஒரு காட்சியை 60 விநாடி, கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற அளவீட்டு மென்பொருள் கொண்டு நான்கு முறை அளந்து, முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். காட்சியை வரையும் ஷேடர் நிரல்கள் தயாராகும்போது எண் கெடும். சராசரியைவிட 1% லோ, அதாவது மிக மெதுவான 1% ஃபிரேம்களின் எஃப்பிஎஸ், முக்கியம். சராசரி 140 இருந்தும் 1% லோ 45 என்றால் கண்ணுக்குத் திக்கல் தெரியும்.

அதே காட்சியை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையா? முட்டுக்கட்டை சிபியுதான். நன்றாக ஏறினால் கார்டுதான் திணறுகிறது. பணத்தை அங்கே போடுங்கள். ஜோகன்னஸ்பர்க் சர்வர் வரை போய்வரும் பிங் தாமதம் வேறு சங்கதி. அதை எந்த சிபியுவும் தீர்க்காது.

வெளிநாட்டு விமர்சனங்களின் வெப்பநிலையை அப்படியே நம்பாதீர்கள். 21 டிகிரி ஏசி அறையில் 78 காட்டிய சிபியு, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் 30 டிகிரி டிசம்பர் மதியம் ஏறக்குறைய 87-ஐத் தொடும். 7800எக்ஸ்3டி-யின் உச்சவரம்பு 89 டிகிரி. அதை நெருங்கினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அறை வெப்பத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இன்வெர்ட்டரில் ஆடுபவர்கள் வாட்டையும் பாருங்கள்: 14900கே முழுச்சுமையில் 253 வாட் வரை இழுக்கலாம்.

ஏஎம்4 (ஏஎம்டி-யின் முந்தைய சாக்கெட்) போர்டு ஏற்கெனவே இருந்தால் புதுப் போர்டும் டிடிஆர்5 ராமும் வேண்டாம். போர்டு ஏற்றால் 5800எக்ஸ்3டி-யை மட்டும் மாட்டலாம். ஆனால் பழைய சிபியு இருக்கும்போதே பயோஸைப் புதுப்பியுங்கள், அதுவும் யுபிஎஸ்ஸில் போட்டு. நடுவில் கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம்.

பழைய சரக்காக இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்குபவர்கள் மைக்ரோகோட் (பயோஸ் வழியாக வரும் சிபியுவின் உள் நிரல்) 0எக்ஸ்129 அல்லது அதற்குப் பிந்தையதை ஏற்றுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த அந்தத் திருத்தம், அதிக மின்னழுத்தத்தால் சிப் மேற்கொண்டு தேய்வதைத் தடுக்கத்தான். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை மீட்காது. ஆகவே காசு கொடுக்குமுன் அரைமணி நேரமாவது கனமான கேம் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள்.