கால அட்டவணை போடுவது எப்படி: பல்கலைக்கழகப் பாடங்களும் வகுப்பறைகளும்

புதிதாக அட்டவணை போட உட்காருபவர்கள் திங்கள் முதல் பாடவேளையில் தொடங்கி வரிசையாக நிரப்பிக்கொண்டே போவார்கள். புதன் வரை எல்லாம் பொருந்தும். வியாழன் வந்ததும் நாலைந்து பாடங்கள் எங்கும் நுழையாமல் நிற்கும். எந்த நேரத்திலும் வைக்கக்கூடிய எளிய பாடங்கள் நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

படி 1: பட்டியல்

பாடத்துக்கு ஒரு வரி: குறியீடு, மாணவர் எண்ணிக்கை, வாரப் பாடவேளைகள், ஆசிரியர், அதை எடுக்கும் குழுக்கள், தேவையான அறை வசதி. அறைகளுக்குத் தனிப் பட்டியல். இருக்கைகளைப் பழைய கோப்பிலிருந்து எடுக்காதீர்கள், நேரில் போய் எண்ணுங்கள். உடைந்த பெஞ்சும் பலகை தெரியாத மூலையும் கோப்பில் இருக்காது. இரண்டு துறைகள் ஒரே வகுப்பை வெவ்வேறு குறியீட்டில் காட்டினால் அதை ஒரே வரியாக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வகுப்புக்கு இரண்டு அறைகள் போய்விடும்.

படி 2: இடம் போதுமா?

இந்தக் கணக்கைத் தவிர்த்துவிட்டு நாள்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. 5 நாள், நாளுக்கு 7 பாடவேளை, 10 அறைகள் என்றால் கையில் 350 இடங்கள். 80 பாடங்கள், வாரம் 3 பாடவேளை என்றால் தேவை 240. தாராளமாகத் தோன்றும். ஆனால் 100 பேருக்கு மேல் கொள்ளும் அறைகள் 2 மட்டுமே இருந்து, அப்படிப்பட்ட பெரிய வகுப்புகள் 24 இருந்தால் தேவை 72, இருப்பதோ 70. எந்த மென்பொருளாலும் இதைத் தீர்க்க முடியாது; ஒரு வகுப்பையாவது பிரித்தே ஆகவேண்டும். ஆகவே மொத்தக் கணக்கை நம்பாமல், பெரிய அறையிலிருந்து சிறிய அறை வரை அளவுவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஆய்வகங்களுக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

படி 3: மோதல் கட்டம்

விரிதாளில் பாடப்பட்டியலை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் எழுதி, ஒவ்வொரு ஜோடிக்கும் பொதுவான மாணவர் எண்ணிக்கையைப் போடுங்கள். பொதுவான மாணவர் இருந்தால் அது மோதல், அதாவது இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் இடிக்கும். ஒரே ஆசிரியர் என்றாலும் மோதல்தான். கட்டாயப் பாடங்களில் ஒரு மாணவர் பொதுவாக இருந்தாலும் ஒரே நேரம் கூடாது. விருப்பப் பாடங்களில் எத்தனை பேர் வரை விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் துறைகளிடம் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கணிதத்தில் இது நிறம் தீட்டும் கணக்கு. பாடம் புள்ளி, மோதல் கோடு, நேரம் நிறம். கோட்டால் இணைந்த புள்ளிகளுக்கு ஒரே நிறம் கூடாது.

படி 4: கடினமானது முதலில்

இந்த நிறக் கணக்குக்கு வெல்ஷ், பவல் இருவரும் 1967இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது: அதிக மோதல் உள்ள பாடத்தை முதலில் வையுங்கள். 1979இல் பிரெலாஸ் தந்த திருத்தம் இன்னும் நல்லது: ஒவ்வொரு முறையும், எந்தப் பாடத்தோடு மோதும் பாடங்கள் மிக அதிக நேரங்களை அடைத்துவிட்டனவோ அதை அடுத்து எடுங்கள். நடைமுறையில் ஆய்வக வகுப்புகளும், வாரத்தில் இரண்டே நாள் வரும் ஆசிரியர்களின் பாடங்களும் முன்வரிசைக்கு வரும்.

எல்லா வகுப்புகளும் பாடவேளை தொடங்கும் நேரத்திலேயே தொடங்கட்டும். 9, 10, 11 என்று ஓடும் அட்டவணையில் ஒரே ஒரு வகுப்பை 9:30க்கு வைத்தால், ஒரு மணி நேரப் பாடத்துக்காக அந்த அறையில் இரண்டு பாடவேளைகள் போய்விடும். அதைக் கேட்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் மறுத்துவிடுவதே நல்லது.

ஒரு பாடம் நுழையவில்லையா? முழுவதையும் கலைக்காதீர்கள். அதை மிகக் குறைந்த பாடங்கள் மறிக்கும் நேரத்தைத் தேடி, மறிக்கும் பாடத்தை வேறிடத்துக்கு நகர்த்துங்கள்.

படி 5: அறை

நேரம் முடிவானபின், அந்தந்தப் பாடவேளையில் பெரிய வகுப்பிலிருந்து தொடங்கி, கொள்ளக்கூடிய அறைகளில் மிகச் சிறியதைக் கொடுங்கள். 40 பேர் வகுப்பு 120 இருக்கை அறையில் உட்கார்ந்தால், பின்னால் பெரிய வகுப்பு வரும்போது இடமிருக்காது.

படி 6: அளந்து பாருங்கள்

அறை எத்தனை பாடவேளை ஓடுகிறது, ஓடும்போது எத்தனை இருக்கை நிரம்புகிறது என்று இரண்டையும் பெருக்குங்கள். 70% நேரம் ஓடி, பாதி இருக்கை நிரம்பினால் உண்மையான பயன்பாடு 35%தான். பதிவு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள். சேர்க்கை அடங்கியபின் ஒரு வாரம் தலைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை மாறிய வகுப்புகளுக்குப் படி 5ஐ மட்டும் மறுபடி செய்தால் போதும். நேரத்தைத் தொடாதீர்கள், தொட்டால் மாணவர்களின் மோதல்கள் அத்தனையும் திரும்ப வரும்.