சாவி வீட்டில் இருக்க, கார் எப்படிப் போகிறது? கீலெஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு முதல் பாடம்

காலையில் கதவைத் திறந்தால் பனியில் இரண்டு டயர் தடம் மட்டும் இருக்கிறது. உடைந்த கண்ணாடித் தூள் இல்லை. இரவில் அலாரம் அடித்ததாக யாரும் சொல்லவில்லை. சாவி உள்ளே கொக்கியில் அப்படியே தொங்குகிறது. டொராண்டோவைச் சுற்றி வாழும் நம்மவர்களிடம் இந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எங்கள் தெருவில் எதிர்வீட்டு அண்ணன் சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இது இங்கதானே இருக்கு தம்பி, வண்டி எப்படிப் போகும்?"

அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

முதலில், நடப்பது என்ன?

சாவி பையில் இருக்க, கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும் காரை எடுத்துக்கொள்வோம். இதைத்தான் கீலெஸ் கார் என்கிறார்கள். நீங்கள் தொட்டதும் கார் மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்கிறது. அது ஏறக்குறைய 125 கிலோஹெர்ட்ஸ் அலை, ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. சாவி அதைக் கேட்டு, ரகசியக் கணக்கு ஒன்றைப் போட்டு, வேறொரு அலைவரிசையில் பதில் சொல்கிறது. 'என் மெல்லிய குரல் இவருக்குக் கேட்டிருக்கிறது, அப்படியானால் பக்கத்தில்தான் நிற்கிறார்' என்று கார் முடிவு செய்கிறது.

ஓட்டை இந்த முடிவில்தான் இருக்கிறது. இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் காரின் அருகே, இன்னொருவர் உங்கள் வாசல் கதவருகே. காரின் கேள்வியை அவர்களின் கருவிகள் வீட்டுக்குள் இருக்கும் சாவிவரை கொண்டு சேர்க்கின்றன. பதில் திரும்பி வருகிறது. ரகசியக் கணக்கை யாரும் உடைக்கவில்லை, தூரத்தை மட்டும் மறைத்துவிட்டார்கள். இதற்கு ரிலே தாக்குதல் என்று பெயர். சூரிக்கில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களை இப்படிச் சோதித்தார்கள். பத்தும் திறந்தன. ஒருமுறை இஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால், சாவி தூரத்தில் போனாலும் கார் நிற்காது. நடுச்சாலையில் இஞ்சின் அணைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

படி 1: உங்கள் சாவி எந்த வகை?

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காரா, சாவியைச் செருகித் திருகும் காரா என்று பாருங்கள். திருகும் சாவிக்குள் சிப் இருந்தால், அந்தச் சிப்பைப் படிக்காமல் இஞ்சினை ஓட விடாத அமைப்புக்கு இம்மொபிலைசர் என்று பெயர். கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இது கட்டாயம். அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லாததால் பல ஹூண்டாய், கியா மாடல்கள் இது இல்லாமலே விற்கப்பட்டன. டிக்டாக் வீடியோக்களைப் பார்த்த சிறுவர்கள் அவற்றைக் கிளப்பிக்கொண்டு போக, 2023-இல் அந்த நிறுவனங்கள் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவச மென்பொருள் திருத்தம் தர வேண்டியதாயிற்று.

உங்களுடையது திருகும் சாவி என்றால் ரிலே பற்றிக் கவலை வேண்டாம். படி 4-க்குப் போங்கள்.

படி 2: சாவியை மூடி வையுங்கள், அப்புறம் சோதியுங்கள்

சாவியின் அலை வெளியே போகாதபடி உலோக இழை கோத்த ஃபாரடே பை மலிவாகவே கிடைக்கிறது. வாங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். முதலில் நான் பழைய பிஸ்கட் டப்பாவைத்தான் நம்பினேன். கெட்டித் தகரம், மூடியும் இருக்கிறது, போதாதா என்று நினைத்தேன். சாவியை உள்ளே போட்டு மூடி, டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு காரருகே போய்க் கைப்பிடியைத் தொட்டேன். 'டக்' என்று திறந்துகொண்டது. மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்திருக்கிறது.

நீங்களும் இதே சோதனையைச் செய்யுங்கள். சாவியைப் பையில் போட்டு வாயை முழுதாக மடித்து மூடி, ஓட்டுநர் கதவை ஒட்டி நின்று கைப்பிடியைத் தொடுங்கள். திறக்கக் கூடாது. பிறகு சாவியை வெளியே எடுத்துக் கதவைத் திறந்து, மறுபடி பையில் போட்டு மூடி, உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனையும் அழுத்துங்கள். சாவியைக் காணவில்லை என்று கார் சொல்ல வேண்டும். பையின் மடிப்பில் இழை நாளடைவில் அறுந்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்வது நல்லது.

இன்னொன்று, பலர் மறப்பது: அலமாரியில் கிடக்கும் இரண்டாவது சாவி. அதுவும் இரவு பகலாகக் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கும் ஒரு பை வேண்டும்.

படி 3: சாவியைத் தூங்க வையுங்கள்

இதற்குச் செலவே இல்லை. டொயோட்டாவின் பல ஸ்மார்ட் சாவிகளில், லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக் பட்டனை இருமுறை அழுத்தினால் சிறு விளக்கு நான்கு முறை மின்னும். சாவி தூங்கிவிட்டது, காரின் கேள்விக்கு இனிப் பதில் சொல்லாது. காலையில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். ஃபோர்டு 2019-இல் ஃபியஸ்டா, ஃபோக்கஸ் கார்களுக்குக் கொண்டுவந்த சாவி, 40 விநாடி அசையாமல் கிடந்தால் தானே தூங்கும். டெஸ்லாவில் ஓட்டத் தொடங்கும் முன் ரகசிய எண் (PIN) கேட்கும் வசதி இருக்கிறது, அமைப்புகளில் போய் அதை இயக்க வேண்டும். உங்கள் காரில் என்ன வழி என்று கையேட்டில் 'பேட்டரி சேமிப்பு' அல்லது 'கீலெஸ்' பகுதியில் தேடுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சாவியை எங்கே வைப்பது? 2024 தொடக்கத்தில் டொராண்டோ காவலர் ஒருவர், திருடர்கள் வீட்டுக்குள் புகாமல் இருக்கச் சாவியை வாசல் பக்கத்திலேயே வைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிப் பெரிய விவாதம் ஆனது. உயிர் பெரிது என்ற அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் விழித்திருக்கும் சாவியை வாசலில் வைத்தால் ரிலே வேலை இன்னும் சுலபமாகிவிடும். தூங்க வைத்த சாவி, பைக்குள், வாசலைவிட்டுத் தள்ளி. என் வீட்டில் இதுதான் ஏற்பாடு.

படி 4: பை காப்பாற்றாத திருட்டு

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். சாவியைத் தொடாமலே காரை எடுக்கும் இன்னொரு வழி உண்டு.

காருக்குள் பத்துக்கணக்கில் சிறு கணினிகள் இருக்கின்றன: பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, முகப்பு விளக்குக்கும் ஒன்று. இவை பேசிக்கொள்ளும் பொதுக்கம்பிக்கு கேன் பஸ் என்று பெயர். பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட முறை. கும்மிருட்டில் நடக்கும் ஊர்க்கூட்டத்தைப் போல, சொன்னது எல்லோருக்கும் கேட்கும், சொன்னது யார் என்று தெரியாது. 'சாவி சரிதான், திற' என்று ஒரு செய்தி வந்தால் கார் நம்பிவிடும்.

லண்டனில் கார் மின்னணுப் பாதுகாப்பு ஆய்வாளர் இயன் டேபரின் டொயோட்டா ராவ்4 2022-இல் இப்படித்தான் போனது. அதற்கு முன்பே முன்பக்கத்தை யாரோ பிரித்து, விளக்கின் வயரை இழுத்துவிட்டிருந்தார்கள். வெறும் விஷமம் என்றுதான் அவர் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, விளக்கின் வயர் வழியாகப் பொதுக்கம்பிக்குள் போய்ப் பொய்ச் செய்தி அனுப்பும் கருவிகள், புளூடூத் ஸ்பீக்கர் போன்ற வேஷத்தில் விற்கப்படுகின்றன என்பது. இதையே தொழிலாகக் கொண்டவருக்கே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! முன்சக்கரத்தின் மேல்வளைவோ பம்பரோ கழன்றிருந்தால், அன்றிரவே காரை வேறிடத்தில் நிறுத்துங்கள்.

இதற்கு எதிராக நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, ஸ்டியரிங்கில் மாட்டும் கனமான இரும்புப் பூட்டு. மின்னணு தந்திரம் எதுவும் அதைத் திறக்காது. அறுக்கலாம், ஆனால் நேரமும் சத்தமும் ஆகும். தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும்படி மாட்டுங்கள். இரண்டு, காரில் ஏற்கெனவே இருக்கும் பட்டன்களை நீங்கள் வைத்த ரகசிய வரிசையில் அழுத்தினால்தான் வண்டி கிளம்பும்படி செய்யும் கூடுதல் இம்மொபிலைசர். விலை அதிகம், உத்தரவாதம் பாதிக்குமா என்று டீலரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். காரேஜில் கட்டிப்போட்ட பொருட்களுக்கு இடையே காருக்கு இடம் கிடைத்தால், அது எல்லாவற்றையும்விட நல்லது.

ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் கருவியைச் செருகும் ஓபிடி போர்ட் இருக்கும். அதன் வழியாகப் புதுச் சாவியைப் பதிவு செய்துவிட முடியும் என்பதால், அதன்மேல் மாட்டும் பூட்டும் விற்கிறார்கள். பழைய கார் வாங்கியவர்கள், காணாமல் போன சாவிகளைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள்.

படி 5: போய்விட்டால்

ஆப்பிளின் ஏர்டேக் போன்ற, இருப்பிடத்தைக் காட்டும் சிறு கருவி ஒன்றை இருக்கைத் துணிக்குள் ஒளித்து வைக்கலாம். ஆனால் தெரியாத ஏர்டேக் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கும் எச்சரிக்கை போகும். முடிந்தால் தனி ஜிபிஎஸ் கருவியும் வையுங்கள். அது காட்டும் இடத்துக்கு நீங்களே கிளம்பிப் போகாதீர்கள், மனைவி மக்கள் இருக்கிறார்கள். இருப்பிடத்தைக் காவல்துறையிடம் உடனே கொடுங்கள். நேரம் மிக முக்கியம்: வண்டி கன்டெய்னரில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடுகிறது. 2023 டிசம்பர் நடுவிலிருந்து 2024 மார்ச் இறுதிவரை மான்ட்ரியால் துறைமுகத்தில் மட்டும் 598 திருட்டு வண்டிகளைப் பிடித்தார்கள்.

காரின் 17 இலக்க அடையாள எண்ணையும் பதிவுச் சான்றையும் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். காருக்குள்ளேயே வைத்துவிட்டால் தேவைப்படும்போது கையில் இருக்காது. இரண்டு சாவிகளையும் பத்திரமாக வைத்திருங்கள். காப்பீட்டுக்காரர்கள் இரண்டையும் கேட்பார்கள்.