பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் ஆடுகிறதா? முதலில் சரக்கைப் பாருங்கள்

தைப்பூசத்துக்கு முதல் நாள், பட்டர்வொர்த்திலிருந்து தண்ணீர்ப் பந்தல் சாமான்களை எல்லாம் எங்கள் உணவு டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பில் மாட்டிக்கொண்டு தீவுக்குப் போகும் பினாங்குப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தேன். கப்பல் போவதற்காக உயர்த்திக் கட்டிய நடுப்பகுதியைத் தாண்டி இறங்கும்போது ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் வலப்பக்கம் கடந்தது. முதலில் லேசாக ஒரு தள்ளு. அப்புறம் வண்டியின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இடமும் வலமுமாக இழுப்பது போல ஆகிவிட்டது. இடக் கண்ணாடியில் டிரெய்லரின் சுவர் தெரிகிறது, அடுத்த நொடி அது மறைந்து வலக் கண்ணாடியில் மறுபக்கச் சுவர் தெரிகிறது. பக்கத்தில் இருந்த மச்சான் "பிரேக் புடி, பிரேக் புடி" என்று கத்தினார்.

பிரேக்கை மட்டும் மிதிக்கவே கூடாது. பிக்கப் சட்டென்று வேகம் குறைந்தால், பின்னால் கோணலாக நிற்கும் டிரெய்லர் அதே வேகத்தில் வந்து பிக்கப்பின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பவும் கூடாது, நம் கை எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் போகும், அது ஆட்டத்துக்கு இன்னும் வலு சேர்க்கும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு, அதையும் கேட்காதீர்கள், ஆட்டத்துக்குத் தீனியே வேகம்தான். ஸ்டியரிங்கை நேராக உறுதியாகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெதுவாக எடுத்து, வேகம் தானாக இறங்க விடுங்கள். டிரெய்லருக்குத் தனி மின்பிரேக்கும் அதற்குக் கையால் இயக்கும் கருவியும் இருந்தால் அதை மட்டும் லேசாக அழுத்தலாம், அது டிரெய்லரைப் பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். குரூஸ் கண்ட்ரோலை டிரெய்லர் மாட்டியிருக்கும்போது போடாமல் இருப்பதே நல்லது.

அன்றைக்கு வேகம் 60க்குக் கீழே வந்ததும் ஆட்டம் அடங்கியது. தீவுப் பக்கம் இறங்கி ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்து பார்த்தேன். 60 லிட்டர் நீலப் பீப்பாய் மூன்று, வாய்வரை தண்ணீர், கதவை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. உதவிக்கு வந்த பையன்கள் அவற்றைக் கடைசியாக ஏற்றியிருக்கிறார்கள், கடைசியில் ஏற்றுவது கதவுப் பக்கம்தானே நிற்கும். ஏற்றி முடிந்ததும் நான் ஒரு தரம் உள்ளே பார்த்திருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக 180 கிலோ, சக்கர அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால். எங்கள் டிரெய்லரில் அச்சிலிருந்து கொக்கி வரை 3 மீட்டர். அச்சைப் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசாப் பலகையின் நடுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் 180 கிலோ உட்கார்ந்தால் முன்னால் கொக்கியில் இருந்து 90 கிலோவைத் தூக்கிவிடும். பீப்பாய் இல்லாமல் கொக்கியில் 130 கிலோ அழுத்திக்கொண்டிருந்த டிரெய்லர், பீப்பாயோடு வெறும் 40 கிலோதான் அழுத்தியது. மொத்த எடை 1150 கிலோ, அதில் 40 என்பது மூன்றரை சதவீதம். அந்த டிரெய்லர் ஆடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஆட்டம் என்றதும் பலர் ஆட்டம் தடுக்கும் கம்பி வாங்கலாமா, டயரை மாற்றலாமா என்று காசு செலவழிக்கப் போகிறார்கள். கொக்கியில் எவ்வளவு எடை விழுகிறது என்று கேட்டால் தெரியாது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் கேரவன்களுக்கு இன்னும் குறைத்துச் சொல்வார்கள். நம்முடையது போல உயரமான பெட்டி டிரெய்லருக்கு 10க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிக்கப்பின் பின்னால் கொக்கியைத் தாங்கும் டோ பாரில் ஒரு தகடு இருக்கும், கொக்கி அதிகபட்சம் எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும். அதை மீறக் கூடாது. 10 சதவீதமே அந்த எண்ணைத் தாண்டினால் சரக்கைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அளப்பது எளிது. முதலில் மொத்த எடை. பழைய இரும்புக் கடையிலோ தொழிற்சாலையிலோ உள்ள எடைமேடையில், எரிவாயு, தண்ணீர், பாத்திரம், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றிய டிரெய்லரைப் பிக்கப்பிலிருந்து கழற்றி நிறுத்தி எடை போடுங்கள். காலி டிரெய்லரின் எடை உதவாது. 14 கிலோ எரிவாயு உருளை என்றால் வாயு மட்டும்தான் 14 கிலோ, இரும்பு உருளையின் எடை தனி, அதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசை எடுத்துச் சமதளத்தில் வையுங்கள். டிரெய்லரின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் தலையில் டிரெய்லரின் கப்ளரை, அதாவது கொக்கியின் உருண்டையைக் கவ்வும் முன்முனையை, இறக்குங்கள். பிக்கப்பில் மாட்டினால் கப்ளர் எந்த உயரத்தில் நிற்குமோ அதே உயரத்துக்குக் கட்டையை அறுத்துக்கொள்ள வேண்டும், உயரம் மாறினால் எண்ணும் மாறும். டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் சின்ன முன்சக்கரத்தை மேலே தூக்கிவிட்டு, கட்டையின் எடையைக் கழித்துவிட்டுப் படியுங்கள். தராசு 150 கிலோவோடு நின்றுவிட்டால், ஒரு கனமான பலகையின் ஒரு முனையைத் தராசின் மேலும் மறுமுனையை ஒரு குழாயின் மேலும் வைத்து, கப்ளர் பலகையில் உட்காரும் இடம் குழாயிலிருந்து 30 சென்டிமீட்டரும் தராசிலிருந்து 60 சென்டிமீட்டரும் இருக்கும்படி அமையுங்கள். பலகையை மட்டும் வைத்தபோது தராசு காட்டியதைக் கழித்து, மீதியை மூன்றால் பெருக்கினால் கொக்கி எடை வந்துவிடும்.

எங்கள் பீப்பாய்களை அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தியதும் தராசு 148 காட்டியது. 1150இல் அது 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு காசு செலவில்லை.

இன்னொன்று. பின்னால் கனமாக இருக்கிறது, சரி, முன்னாலும் கனத்தை வைத்துச் சமப்படுத்திவிடலாம் என்று சிலர் ஜெனரேட்டரை முன்முனையில் வைத்துவிடுகிறார்கள். கொக்கி எடை சரியாகத்தான் வரும். ஆனால் காவடித் தண்டின் இரண்டு முனையிலும் குடம் கட்டித் தோளில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஒரு தரம் சுற்ற ஆரம்பித்தால் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தோள் சொல்லும். அதே இரண்டு குடத்தையும் தோளுக்குப் பக்கத்தில் நகர்த்திக் கட்டினால் உடனே நிற்கும். கனமான பொருள் எல்லாம் அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும், தரையோடு தரையாக, நகராதபடி கட்டி இருக்க வேண்டும். பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டி உள்ளேயே அலையடிக்கும், ஆகவே முழுக்க நிரப்புங்கள் அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள்.

சரக்கு சரியான பிறகும் ஆடினால் டயரைப் பாருங்கள். காற்றைப் பயணத்துக்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். டிரெய்லர் டயருக்கும் கார் டயருக்கும் ஒரே அளவு காற்று என்று நினைத்துப் பலர் 240 கிலோபாஸ்கல் வைத்துவிடுகிறார்கள், டிரெய்லர் டயர் பலவற்றுக்கு அதைவிட நிறைய வேண்டும், டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். காற்று குறைந்த டயரின் சுவர் நெளியும், டிரெய்லர் முழுவதும் அதன் மேல் மிதக்கும். பிக்கப்பின் பின்டயரும் இப்படித்தான். காலியாக ஓட்டும்போது குலுங்காமல் மென்மையாக இருக்கட்டும் என்று காற்றைக் குறைத்து வைத்திருப்போம், இழுக்கப் போகும்போது ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சரக்குக்கு என்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்ற வேண்டும். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3218 என்றால் 2018ஆம் ஆண்டு 32ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வெயிலில் நின்று நின்று வெடிப்பு விட்டுச் சாவதே அதிகம்.

அடுத்தது கொக்கியின் உயரம். சமதளத்தில் மாட்டி நிறுத்திப் பக்கத்திலிருந்து பாருங்கள், டிரெய்லர் நேராகவோ ஒரு துளி முன்பக்கம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஆடும். பிக்கப்பின் பின்பக்கம் ரொம்பத் தாழ்ந்து முன்பக்கம் தூக்கியிருந்தாலும் கெடுதல், முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். உயர்த்திக் கட்டிய பிக்கப், பெரிய சேற்று டயர், நீளமான கொக்கி நீட்டிப்பு இந்த மூன்றும் சேர்ந்த வண்டி நன்றாக இழுத்து நான் பார்த்ததில்லை. கொக்கி பின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ, டிரெய்லருக்குப் பிக்கப்பை ஆட்டும் பலம் அவ்வளவு கூடும்.

கொக்கியின் உருண்டைக்கும் கப்ளருக்கும் ஒரே அளவா என்று பாருங்கள், இரண்டிலும் அளவு பொறித்திருக்கும். மாட்டிப் பூட்டிய பிறகு டிரெய்லரின் முன்ஜாக்கியைச் சுற்றிப் பிக்கப்பின் பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் எழும்புகிறதா என்று சோதியுங்கள். கப்ளர் உருண்டையை விட்டுக் கழன்று வந்தால் அது பூட்டவே இல்லை. சாதாரண உருண்டைக்குக் கிரீஸ் தடவலாம், ஆனால் உராய்வினால் ஆட்டத்தைத் தடுக்கும் கப்ளர் என்றால் உருண்டை சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும், கிரீஸ் பட்டால் அதன் வேலையே போய்விடும்.

அடிப்பகுதியில் பேரிங் ஆட்டம் பார்க்க, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள், கடகடவென்றால் மெக்கானிக்கிடம் போங்கள். ஸ்பிரிங் பட்டையின் போல்ட்டும் புஷ்ஷும் அப்படியே. கப்ளரின் நடுவிலிருந்து அச்சின் இரண்டு முனைக்கும் நாடா பிடித்து அளந்து, இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் அச்சு கோணல்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஆளில்லாத நேரான சாலையில் 60, 70, 80 என்று ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. ஆட்டம் தடுக்கும் கம்பி இதற்கெல்லாம் பிறகுதான். சரக்கு கோணலாக ஏறிய டிரெய்லரில் அதை மாட்டினால் ஆட்டம் கொஞ்ச நேரம் மறைந்திருக்கும், இன்னும் அதிக வேகத்தில் வெளியே வரும்.

கோலாலம்பூர் வரை இழுப்பவர்கள் கோலகங்சார் தாண்டி மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலைப்பகுதியில் இறக்கம் தொடங்கும் முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். இறக்கத்தில் டிரெய்லர் பிக்கப்பைத் தள்ளும், ஆட்டம் தொடங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பெரிய பஸ் கடக்க வருவது கண்ணாடியில் தெரிந்தால் அது வந்து சேருவதற்குள் காலைச் சற்று எடுங்கள், இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்குங்கள். பஸ்ஸின் முன்னால் வரும் காற்று முதலில் டிரெய்லரின் பின்பக்கத்தை இடப்பக்கம் தள்ளும், பஸ் பக்கத்தில் வந்ததும் அதன் பக்கமாக இழுக்கும், இந்தத் தள்ளலும் இழுப்பும்தான் அன்று பாலத்தில் எனக்கு ஆரம்பித்து வைத்தது.

இப்போது எங்கள் பீப்பாய்கள் பாலத்தைக் காலியாகத்தான் கடக்கின்றன. பந்தல் போடும் இடத்துக்குப் போன பிறகு குழாய் மாட்டி நிரப்பிக்கொள்கிறோம், 20 நிமிடம் கூட ஆவதில்லை.