அகார் தட்டில் வளரும் காலனியைக் கணினியில் வளர்ப்பது எப்படி?

முதலில் ஒரு ஸ்கேல் எடுங்கள். நிரல் அப்புறம். நான் தலைகீழாகத் தொடங்கி இரண்டு வாரத்தை இழந்தேன். என் தங்கை நுண்ணுயிரியல் படிக்கிறாள். தட்டு அவளுடையது, நிரல் என்னுடையது. பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு துளியை, ஊட்டம் கலந்த கூழான அகாரின் நடுவே வைத்து, பெருகிய செல்களின் திட்டான காலனியின் ஆரத்தைச் சில மணிக்கு ஒருமுறை அளந்தாள். ஆரம்பத் தயக்கம் தாண்டியதும் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. செல்கள் இரட்டித்துப் பெருகும்போது ஆரம் மட்டும் ஏன் சீராகக் கூடுகிறது? நடுவில் ஊட்டம் தீர்ந்துவிடுகிறது, விளிம்பில் ஒரு மெல்லிய வளையம்தான் பெருகுகிறது. இந்த வளையத்தைப் பிடித்துவிட்டால் மாதிரியில் பாதி முடிந்தது.

கோட்டின் சாய்விலிருந்து முதல் எண் கிடைக்கும். 1937இல் புள்ளியியலாளர் ஃபிஷர் தந்த சமன்பாட்டின்படி, விளிம்பு நகரும் வேகம் = 2 × √(வளர்ச்சி வீதம் × பரவல் கெழு). பரவல் கெழு என்பது ஒன்று எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு. எங்கள் தட்டில் வேகம் மணிக்கு 0.2 மிமீ. அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பு என்று கொண்டால் வளர்ச்சி வீதம் மணிக்கு 1.39 (2இன் இயற்கை மடக்கை 0.693 ÷ 0.5), அப்படியானால் பரவல் கெழு மணிக்குச் சுமார் 0.007 சதுர மிமீ. கெட்டி அகாரில் செல்கள் நீந்துவதில்லை, ஒன்றையொன்று தள்ளித்தான் நகர்கின்றன. ஆகவே இதைத் தொடக்க மதிப்பாக மட்டும் வையுங்கள், வேகம் பொருந்தும்வரை பிறகு திருத்தலாம்.

சரி, சமன்பாடுகள் இரண்டே. ஒன்று ஊட்டத்துக்கு: பரவுகிறது, தின்னப்படுகிறது. குளுக்கோஸ் தண்ணீரில் மணிக்கு 2 சதுர மிமீக்குச் சற்று அதிகமாகப் பரவும், அதாவது ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1.5 மிமீ தூரம். தின்னும் வேகத்துக்கு மோனோ சூத்திரம் போதும்: ஊட்டம் குறைவாக இருக்கும்போது அதற்கேற்பக் கூடும், மிகுந்தால் ஓர் உச்சத்தில் நின்றுவிடும். மற்றொன்று பாக்டீரியாவுக்கு: நகர்கிறது, தின்றதற்கு ஏற்பப் பெருகுகிறது.

பாக்டீரியாவின் பரவல் கெழுவை, அதாவது நகர்வுக் கெழுவை, மாறிலியாக வைத்தால் எப்போதும் வட்டம்தான் வரும், விளிம்பும் மங்கலாகத் தேய்ந்திருக்கும். 1997இல் ஜப்பானில் கவாசாகி குழுவினர் அதை ஊட்டம் × செல் அடர்த்தி என்ற பெருக்கலுக்கு விகிதமாக வைத்தார்கள். இரண்டில் ஒன்று இல்லாத இடத்தில் நகர்வே இல்லை. எனக்கு இந்த மாதிரியில் மிகப் பிடித்த இடம் இதுதான்: அந்த ஒரே மாற்றத்தில் விளிம்பு கூர்மையாகி, காலனி கிளைவிடத் தொடங்குகிறது.

பைத்தானில் தட்டை 0.25 மிமீ கட்டங்களாகப் பிரியுங்கள். 85 மிமீ அகலத்துக்கு 340 × 340 கட்டங்கள். தட்டின் சுவர் வழியே எதுவும் வெளியேறக் கூடாது. இப்போதைய மதிப்புகளிலிருந்தே அடுத்த மதிப்புகளைக் கணக்கிடும் நேரடி முறையில் நேரப்படி, அதாவது ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் இடையிலான நேரம், கட்ட அகலத்தின் வர்க்கத்தை 4 × ஊட்டத்தின் பரவல் கெழுவால் வகுத்து வருவதைத் தாண்டக் கூடாது. இங்கே அது 26 நொடி, நான் 20 வைக்கிறேன். கட்டத்தைப் பாதியாக்கினால் நேரப்படி கால்வாசியாகும். தாண்டினால் ஊட்டம் எதிர்மறையாகி, படம் சதுரங்கப் பலகை போல் சிதறும்.

நேரப்படி சரியாக இருந்தும் எனக்கு ஒரு கோளாறு வந்தது. கிளைகள் கூட்டல் குறிபோல் நான்கு திசையில் மட்டும் நீண்டன. "அண்ணா, பாக்டீரியாவுக்குக் கிழக்கு மேற்கு தெரியாதே" என்றாள் தங்கை. அது கட்டம் விட்ட தடம்தான். மூலைவிட்ட அண்டைக் கட்டங்களையும் கணக்கில் சேர்த்தேன், ஒவ்வொரு கட்டத்தின் நகர்வுக் கெழுவிலும் சிறிய தற்செயல் ஏற்றத்தாழ்வு வைத்தேன். அது மறைந்தது.

ஓட்டத்தின் நடுவே, மீதமுள்ள ஊட்டத்தையும் அதிலிருந்து உருவான பாக்டீரியாவையும் ஒரே அலகில் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை மாறினால் நிரலில் பிழை இருக்கிறது, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள். காலனியின் சுருக்கங்களையும் இந்த மாதிரியில் தேட வேண்டாம். செல்கள் சேர்ந்து உருவாக்கும் உயிர்ப்படலத்தின் பசை அகாரிலிருந்து தண்ணீரை இழுத்து உப்புவதைச் சொல்ல, தடிமனுக்கெனத் தனிச் சமன்பாடு வேண்டும்.

பிறகு தொடக்க ஊட்டத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். வட்டம் உடைந்து கிளைகள் மெலியும். கெட்டி அகாரில், குறைந்த ஊட்டத்தில் வளர்ந்த கிளைக் காலனிகளின் பின்னப் பரிமாணத்தை (கிளைகள் தளத்தை எவ்வளவு நிரப்புகின்றன என்பதன் அளவு: கோட்டுக்கு 1, முழுத் தளத்துக்கு 2) ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுஷிதாவும் ஃபுஜிகாவாவும் அளந்தபோது சுமார் 1.7 வந்தது, உங்கள் படத்திலும் அளந்து ஒப்பிடுங்கள். கடைசியாக இரண்டு துளிகளை அருகருகே வையுங்கள். நடுவிலுள்ள ஊட்டத்தை இரண்டும் தின்று தீர்ப்பதால், எதிரெதிர் கிளைகள் தொடும் முன்பே நின்று, இடையில் வெறுமையான ஒரு பட்டை தெரிய வேண்டும். தங்கையின் தட்டில் அந்தப் பட்டை தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து என் திரையிலும்.